என்னம்மா, கொலுவுக்கா?

1988. கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு. வீடு தண்டையார்பேட்டையில், கல்லூரி சென்னையின் தெற்குக் கோடியில். பாரிமுனையில் பஸ் மாறி ஏறும்போது என் கையில் மூன்றடிக்கு இரண்டடி தெர்மாக்கோல் பலகை. அதன்மேல் இரண்டு வாரம் கண்விழித்துச் செய்த ஒரு நூலகக் கட்டடம். காற்றடித்தால் பலகை பட்டம்போல எழும்பும். மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து கண்டக்டர் கேட்டார்: “என்னம்மா, கொலுவுக்கா?”

எனக்குச் சுருக்கென்றது. “இல்ல சார், ஆர்க்கிடெக்சர் மாடல்” என்றேன்.

“அதான் கேக்குறேன். புல்லு எதுல போட்டிருக்கே?”

“மரத்தூள் சார். பச்சைச் சாயம் கலந்தது.”

“எங்க வீட்டுல கேழ்வரகு முளைக்க வெப்போம். நிஜப் புல்லு மாதிரியே இருக்கும்” என்றவர், முன் இருக்கையில் இருந்த ஒருவரை எழுப்பி, மடியில் மாடலோடு என்னை உட்காரவைத்தார்.

சென்ற பருவத்தில் ஒரு மாணவர் தன் மாடலை ஒரு காகித உறையில் போட்டுக்கொண்டு வந்தார். உறைக்குள் லேசரில் வெட்டிய அட்டைத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் எண். மதிப்பிடும் குழுவான ஜூரியின் மேஜையில் வைத்து இருபது நிமிடத்தில் கோத்துவிட்டார். நாற்பது சன்னல்கள், ஒன்றுகூடக் கோணல் இல்லை. என் காலத்தில் அந்த நேர்த்திக்காகவே மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்திருப்பார்கள். ஒரு சுவரைத் தொட்டு, “இது நிஜத்துல எத்தனை அங்குலச் சுவர்?” என்று கேட்டேன். அவர் லேப்டாப்பைத் திறந்தார். “ஃபைலைப் பாக்கணும் மேம்.”

கண்டக்டரின் கேள்விக்கும் இந்தப் பதிலுக்கும் இடையில் முப்பது சொச்சம் ஆண்டுகள். அதில் பெரும்பகுதி நான் மாடல் செய்யக் கற்றுக்கொடுப்பவளாக இருந்திருக்கிறேன். சொல்லித்தரும் விஷயம் மாறவில்லை. அதை எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதுதான் தலைகீழாகிவிட்டது.

அந்த நாளில் மாடல் என்றால் ஆண்டர்சன் தெருவில் தொடங்கும். கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே அட்டைக் கடைகள். மவுண்ட் போர்டு, ஐவரி போர்டு, மில்போர்டு, கார்க் ஷீட். பால்சா மரம் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. வசதியுள்ளவர்கள் வாங்குவார்கள், மற்றவர்கள் அவர்கள் வெட்டி மிச்சம் போட்டதைப் பொறுக்குவோம். மரங்களுக்குக் கிழித்த ஸ்பஞ்சும் முறுக்கிய செப்புக் கம்பியும். தூண்களுக்குத் தீக்குச்சி, ஊதுபத்திக் குச்சி. கண்ணாடிக்கு எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி எடுத்த தாள்.

எந்தப் பசை எதற்கு என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ரப்பர் பசையைத் தெர்மாக்கோலில் தடவி, அது கரைந்து பள்ளமாவதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. அக்ரிலிக்கை ஒட்டக் குளோரோஃபார்ம் வைத்திருப்போம். அடைத்த விடுதி அறையில் அதைத் திறந்துவைத்து விடியும்வரை வேலை செய்தோம். முகக்கவசம் என்ற பேச்சே கிடையாது. இடது கட்டைவிரலில் தையல் போடாத மாணவர் வகுப்பில் அபூர்வம்.

வகுப்பில் மாடல் செய்ய யாரும் சொல்லித்தந்ததாக எனக்கு நினைவில்லை. இறுதியாண்டு அண்ணன்களும் அக்காக்களும் தீசிஸ் மாடலுக்கு எங்களை இழுத்துக்கொண்டு போவார்கள். முதலாண்டு வேலை மரம் செய்வது. இருநூறு மரம் செய்தவனுக்கு அடுத்த ஆண்டு படிக்கட்டு வெட்டும் பதவி உயர்வு. அதற்கடுத்து சுவர். பிளேடை அழுத்தக் கூடாது. ஒரே கோட்டில் நாலைந்து முறை லேசாக இழுக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து வெட்டினால் பிளேடு ஸ்கேலையும் தின்றுவிடும், இரும்பு ஸ்கேல்தான். மூலையில் இரண்டு அட்டைகள் சேரும் இடத்தில் விளிம்பை 45 டிகிரி சாய்த்து வெட்டினால்தான் அட்டையின் கனம் வெளியே தெரியாது. இவையெல்லாம் சீனியர் திட்டித் திட்டிக் கற்றுத்தந்தவை. மிச்சத்தை மரவேலைக் கூடத்து ஆசாரி சொல்லிக்கொடுத்தார். அவர் எங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “இது நிக்காது தம்பி” என்பார். ஏன் என்று சொல்ல மாட்டார். செய்து பார்ப்போம், நிற்காது.

எங்கள் கைகள் கல்லூரிக்கு வரும்போதே பாதி பழகியிருந்தன என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் உணர்ந்தேன். மூங்கில் குச்சியைச் சீவி, மைதாப் பசை காய்ச்சிப் பட்டம் ஒட்டியிருந்தோம். நுங்குக் குடுக்கையில் வண்டி செய்திருந்தோம். நவராத்திரிக்குக் கொலுப்படிக்குக் கீழே மணலைக் கொட்டி மலை கட்டி, கண்ணாடித் துண்டைப் புதைத்துக் குளமாக்கி, தீப்பெட்டியில் வீடு வைத்திருந்தோம். கண்டக்டர் கேட்டதில் தவறே இல்லை. கொலுப் பூங்காவில் தொடங்கியதைத்தான் நான் மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

எங்களுக்கு இல்லாதது வேறு. மாடலை எதற்குச் செய்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. வரைபடம் எல்லாம் முடிந்து, மையும் காய்ந்த பிறகு, கடைசி வாரத்தில் மாடல். கட்டடத்தில் எதையும் மாற்ற முடியாத கட்டத்தில் அதை அழகுபடுத்துவது. கலியாணப் பெண்ணுக்கு அலங்காரம் போல. என் நூலக மாடலைக் கூடத்தின் மூலையில் வைத்துக் குனிந்து பார்த்தபோதுதான், வாசிப்பறைக்கு வெளிச்சம் வர வழியே இல்லை என்று தெரிந்தது. மறுநாள் ஜூரி. அந்தப் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்தேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

தொழிலின் வரலாறு இதற்கு நேர் எதிரானது. 1418-இல் ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தை எப்படிக் கட்டுவது என்று போட்டி அறிவித்தபோது, புருனெல்லெஸ்கி கொண்டுபோய் நிறுத்தியது ஒரு மாடல். கீழிருந்து மரச்சாரம் தாங்காமலே செங்கல்லை அடுக்கிக் குவிமாடம் எழுப்ப முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்சிலோனா அருகே ஒரு தேவாலயத்துக்காக கௌடி கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டார். அவற்றில் ஈயக்குண்டுப் பைகளைக் கட்டினார். எடையைத் தாங்கி நூல் தானாக எடுக்கும் வளைவைப் புகைப்படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் கல் வளைவின் வடிவம் கிடைத்துவிடும். சண்டிகர் உருவானபோது கட்டடக்கலைஞர் கோர்புசியேவின் கோடுகளை மரத்தில் செதுக்கிக் கொடுத்தவர் ஞானி ரத்தன் சிங் என்ற தச்சர். இவர்களுக்கெல்லாம் மாடல் என்பது கேள்வி கேட்கும் கருவி. எங்களுக்கு அது விடைத்தாளுக்குப் போட்ட அட்டை.

தொண்ணூறுகளின் பிற்பாதியில் கல்லூரிகளுக்குக் கணினி வந்தது. முதலில் ஆட்டோகேட். 2000-க்குப் பிறகு ஸ்கெட்ச்அப். மேலிருந்து, கீழிருந்து, பறவையாக, எறும்பாக எப்படி வேண்டுமானாலும் சுற்றிப் பார்க்கலாம். பிறகு எதற்கு அட்டை? ஆசிரியர்களே கேட்டார்கள்; நானும் கேட்டேன். எங்கள் மரவேலைக் கூடம் கணினிக் கூடமானது. ஆசாரி ஓய்வுபெற்ற பிறகு அந்த இடத்துக்கு வேறொருவர் வரவில்லை. மாடலைக் கட்டாயமாக்கிய பாடங்களுக்குக் காசு கொடுத்துச் செய்து வாங்கும் கடைகள் முளைத்தன. தன் தீசிஸ் மாடலை ஜூரி அன்று காலையில்தான் முதன்முதலில் பார்த்த மாணவியை எனக்குத் தெரியும். பிறகு லேசர் வந்தது. ஃபைலைக் கொடுத்தால் வெட்டித் தருவார்கள். கருகிய பழுப்பு விளிம்பும் அதன் வாசனையும்தான் இன்றைய மாடலின் அடையாளம்.

குறை தெரிய ஆரம்பித்தது இந்தக் காலத்தில்தான். ஒரு மாணவர் இருபது மீட்டர் நீளத்துக்குத் தூணே இல்லாமல் ஒரு தளத்தை அந்தரத்தில் நீட்டியிருந்தார். திரையில் அது அழகாக நின்றது. திரையில் எதுவும் விழுவதில்லை. அங்கே புவியீர்ப்பு கிடையாது. இன்னொருவர் வடிவமைத்த படிக்கட்டில் ஏறினால் ஏழாவது படியில் மேல்தளம் தலையில் இடிக்கும். மவுஸ் உருளையைத் திருப்பினால் அறை கடுகாகும், மலையாகும். எது நிஜ அளவு என்று உடம்புக்குத் தெரியாமலே ஐந்தாண்டு படித்துவிடலாம். நாற்பது சன்னல் மாணவருக்கு நேர்ந்ததும் அதுதான். அவர் சுவரை வெட்டவில்லை. அதனால் அதன் கனம் அவர் விரலுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று கை பழகிய பிள்ளைகளுக்குக் கண்ணைப் பழக்க வேண்டியிருந்தது. அதைச் செய்யத் தவறினோம். இன்று வருபவர்கள் பத்து வயதிலிருந்து திரையில் முப்பரிமாணத்தைச் சுழற்றியவர்கள். கண் நன்றாகவே பழகியிருக்கிறது. கையைத்தான் முதலிலிருந்து பழக்க வேண்டும். வெட்டுவது, ஒட்டுவது, ஒட்டியது காயும்வரை பிடித்துக்கொண்டு பொறுமையாக உட்கார்ந்திருப்பது உட்பட.

என் வகுப்பில் இப்போது முதல் வாரம் கணினி கிடையாது. வீட்டுக்கு ஆன்லைனில் வந்த அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்கிறேன். அது எந்த வீட்டிலும் குறைவில்லை. முதல் வேலை, 1:100 அளவில் ஒரு மனிதரை வெட்டுவது. ஐந்தடி ஏழங்குல ஆள் 17 மில்லிமீட்டர். அந்தச் சின்ன அட்டை ஆளைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இனி செய்யும் எந்த மாடலுக்குள்ளும் அவர் போய் நிற்பார். இரண்டாவது, ஒன்பது அங்குலச் சுவர். 230 மில்லிமீட்டர், அந்த அளவில் 2.3. இரண்டு மில்லிமீட்டர் அட்டையை எடுத்தால் ஏறக்குறைய சுவரேதான். அதை வெட்டிப் பார்த்தவர், சுவர் எத்தனை அங்குலம் என்று கேட்டால் ஃபைலைத் திறப்பதில்லை.

மூன்றாவது, ஒரு மணி நேரத்தில் ஒரே அறைக்கு மூன்று மாடல். பசை கூடாது, குண்டூசி மட்டும். பிடுங்கி மாற்றிக் குத்தலாம். நன்றாக வந்ததை உடைக்கச் சொல்வேன். முதல் நாள் யாருக்கும் மனம் வராது. மூன்றாம் நாள் கேட்காமலே உடைப்பார்கள். மாடல் காட்சிப் பொருள் என்ற எண்ணம் அங்கே கழன்றுகொள்கிறது. எங்கள் தலைமுறைக்கு யாரும் கொடுக்காத பாடம் இதுதான். காட்டும் வேலையைத் திரை எடுத்துக்கொண்டதால்தான் இன்று அதைக் கொடுக்க முடிகிறது.

பிறகு மொட்டைமாடி. சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஜூன் மாதம் நடுப்பகலில் சூரியன் நம் தலைக்கு மேலே இல்லை. உச்சியிலிருந்து பத்து டிகிரி வடக்கே சாய்ந்திருக்கிறது. வடக்குச் சுவரில் வெயில் படாது என்று வெளிநாட்டுப் புத்தகத்தில் படித்துவிட்டு வருபவர்கள், மாடலை வெயிலில் வைத்ததும் வாயடைத்துப் போகிறார்கள். மாடலின் ஓரத்தில் ஒரு நிழற்கடிகாரத் தாளை ஒட்டி, நடுவில் சின்னக் குச்சி நட்டு, பலகையைச் சாய்த்தால் எந்த மாதத்தின் எந்த மணிக்குமான நிழலை அங்கேயே பார்த்துவிடலாம். மென்பொருளும் இதைக் காட்டும். ஆனால் பலகையைத் தன் கையால் சாய்த்து, நிழல் வராண்டாவைத் தாண்டி அறைக்குள் நகர்வதைப் பார்த்தவள் அடுத்த வடிவமைப்பில் சன்ஷேடை மறப்பதில்லை.

மாடல் பொய்யும் சொல்லும். அதையும் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. நூறில் ஒரு பங்காகச் சுருக்கினால் தூணின் குறுக்குப் பரப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்காகும். கட்டடத்தின் எடையோ பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே அட்டையில் நிற்பது கான்கிரீட்டில் நிற்கும் என்று நம்பக் கூடாது. எறும்பு தன் எடையைப்போலப் பல மடங்கு தூக்கும், யானை தூக்காது என்பதற்கும் கணக்கு இதுதான். கலிலியோ 1638-இல் எழுதிவைத்தார். வடிவத்தின் சமநிலை மட்டும் சுருங்கினாலும் மாறாது. கௌடியின் நூல் மாடல் நம்பகமானது அதனால்தான். நாங்கள் ஈயக்குண்டுக்குப் பதில் வாஷர்களைத் தையல் நூலில் கட்டித் தொங்கவிடுகிறோம். ஒரு வாஷரை நகர்த்தினால் மொத்த வளைவும் அசைந்து புது வடிவத்துக்கு வரும். “மேம், எல்லாமே நகருது!” என்று ஒருவராவது கத்தாத ஆண்டு இல்லை.

இன்று கிடைப்பதையெல்லாம் பழித்துவிட்டு, அந்தக் காலம்போல வருமா என்று எழுதினால் அது நேர்மையில்லை. சரிவான நிலத்தின் மாடலுக்கு அடுக்கடுக்காக அட்டை வெட்டுவது அன்று நாலு பேருக்கு இரண்டு இரவு வேலை. லேசர் அதை ஒரு மணியில் முடிக்கிறது. அதில் மாணவர் இழப்பது எதுவுமில்லை; தூக்கம் மிச்சம். சன்போர்டு என்ற பலகை பி.வி.சி. என்பதால் அதை லேசரில் வெட்டினால் நச்சுப்புகை வரும் என்று கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார். குளோரோஃபார்மைச் சுவாசித்த எங்களுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. சீனியருக்கு மரம் செய்ததில் கற்றல் இருந்தது, கட்டாயமும் இருந்தது. அந்தக் கட்டாயம் போனது நல்லதே.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கைபேசி. எங்கள் நாளில் மாடலுக்குள் எட்டிப் பார்க்கக் கன்னத்தைப் பலகையில் ஒட்டி ஒற்றைக் கண்ணை மூடிக்கொள்வோம். இன்று கேமராவை வாசலில் வைத்தால், அந்த 17 மில்லிமீட்டர் ஆளின் கண்ணுக்குத் தெரிவது அப்படியே திரையில் வருகிறது. 1988-இல் அது என் கையில் இருந்திருந்தால் என் வாசிப்பறை இருட்டாக இருந்திருக்காது.

கையும் கணினியும் எதிரிகள் இல்லை என்பதற்குக் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் கெரி போதும். காகிதத்தையும் அட்டையையும் வளைத்து மாடல் செய்து, பிறகு அதை அளந்து, விமானம் வடிவமைக்க உருவான கேட்டியா மென்பொருளில் ஏற்றித்தான் ஸ்பெயினின் பில்பாவோ அருங்காட்சியகம் கட்டப்பட்டது. 1997-இல் திறந்த அந்தக் கட்டடத்தில் கணினி மிகுதி, தொடக்கமோ அட்டை. வரிசை முக்கியம். அட்டையில் யோசித்துவிட்டுக் கணினிக்குப் போகிறவருக்கு லேசர் வேலைக்காரன். கணினியில் முடித்துவிட்டு அட்டைக்கு வருபவருக்கு அது அச்சு இயந்திரம் மட்டும்.

நுழைவுத் தேர்வும் இதைக் கவனித்ததாகத் தெரிகிறது. சில ஆண்டுகள் முழுக்கக் கணினியிலேயே நடந்த நாட்டா தேர்வில், 2024-இல் கையால் வரையும் பகுதி திரும்ப வந்தது. கொடுக்கும் பொருள்களைக் கொண்டு முப்பரிமாண வடிவம் ஒன்றைக் கையால் அமைக்கும் கேள்வியும் அதில் இருந்தது. உடனே பயிற்சி மையங்கள் அதற்கும் வகுப்பு நடத்தத் தொடங்கின. ஒரு மாதப் பயிற்சியில் சில வடிவங்கள் மனப்பாடமாகும், கை பழகாது. அதற்குப் பத்து வயதிலேயே தொடங்க வேண்டும்.

கல்லூரி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது லேசர் இயந்திரம் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் காற்றோட்டமான ஓர் அறை, நாலு உறுதியான மேஜை, நாள்முழுக்க அங்கேயே இருக்கும் ஒரு தச்சர் வேண்டும். “இது நிக்காது தம்பி” என்று சொல்ல ஓர் ஆள் இல்லாத கட்டடக்கலைக் கல்லூரி பாதிக் கல்லூரிதான்.

பெற்றோருக்கு இன்னும் சின்ன வேண்டுகோள். அடுத்த நவராத்திரிக்குக் கொலுப் பூங்காவைக் கடையில் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்த அட்டைப்பெட்டி ஒன்றையும் ஒரு கத்தரிக்கோலையும் பிள்ளையிடம் கொடுத்து, ஒரு பிடி கேழ்வரகை ஊறவைத்துத் தாருங்கள். அவர்கள் கட்டும் வீடு கோணலாகத்தான் இருக்கும். திருத்தாதீர்கள்.